ஏழு வாயன்

ஜூனியர் வக்கீல் சிடியை மேசைமேல் வைத்துவிட்டு அதன்மேல் தன் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் பறந்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி இருந்தது.

"இது ஒண்ணுதான் இருக்குக்கா," என்றாள் கடைக்காரனின் மனைவியிடம். அந்தக் கடையில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பது நீதிமன்றத்துக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். "மருந்துக்கடை கேமரால பழசெல்லாம் தானா அழிஞ்சுடுச்சாம். அதுக்கு முன்னாடி போலீஸ்ல எடுத்து வெச்சது இது மட்டும்தான். ஆறு காப்பி வேணும். கோர்ட்டுக்கு, எதிர் பார்ட்டிக்கு, இன்சூரன்ஸ்காரங்களுக்கு, இன்னும் யார் யாருக்கோ. சாயங்காலம் கோர்ட் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கறேன்."

"யாரு கேஸு?"

"உங்களுக்குத் தெரிஞ்சவருதான். இங்கல்லாம் தண்ணி கேன் போடுவாரே, அவரு."

கடைக்காரன் ஜன்னலோரம் நின்று புது சிடிக் கட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தான். உறை கிழிகிற சத்தம் நின்றது. நின்றது தனக்கே கேட்டதால், மறுபடியும் கிழிக்க ஆரம்பித்தான்.

ஜூனியர் நின்றபடியே சொல்லிக்கொண்டு போனாள். முக்கால்வாசி வெறும் தெருதான், கடைசியில்தான் எல்லாம். வேன் இடிப்பது நன்றாகத் தெரிகிறது, வேனின் நம்பர் தெரியவில்லை. போலீஸ் ஒரு கம்பெனி வேனைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் வேன் இல்லவே இல்லை என்று அவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

"இடிச்சுட்டு கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, இறங்கிப் பாத்துட்டுத்தான் போயிருக்கான்க்கா. கண்ணாடித் தூள் அங்க கெடந்துச்சு. ஆனா அந்த எடம் கேமரால விழல. அந்த நேரத்துல ஒரு ஸ்கூட்டர் வருது. நின்னு பாக்கறாரு. அப்புறம் அதே பக்கமா போயிடறாரு. உடனே கரண்டு போயிடுது, படமும் அதோட முடிஞ்சுடுது. அந்த ஸ்கூட்டர்காரர் வேனப் பாக்காம போயிருக்கவே முடியாது. அவர் மட்டும் கெடச்சா போதும்."

"ஸ்கூட்டர் நம்பர்?"

"தெரியல. முகமும் தெரியல, ஹெல்மெட் போட்டிருக்காரு."

"நின்னு பாத்துட்டா போனான்?" மனைவி சிடியை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். "அவனுக்கெல்லாம் அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கியிருக்குமா?"

இறங்கியிருந்தது. அதுதான் கடைக்காரனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று வீடு திரும்பிக் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோது, தண்ணீர்க்காரரை வேன் இடித்துவிட்டதாம், ரொம்ப நேரம் யாரும் தூக்கவில்லையாம் என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். இரண்டாம் தரம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டான். பசி அவனை மதிக்கவே இல்லை.

கடை நீதிமன்றத்துக்கு எதிரே முதல் மாடியில் இருந்தது. படிக்கட்டில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே ஜெராக்ஸ் கடையும் டைப்பிங் கடையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன, மேலே இவர்கள். உலகமே சிடியைக் கைகழுவிவிட்ட பிறகும் எதிர்க் கட்டிடத்துக்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. பென் டிரைவ் என்றால் யாராவது கைவைத்துவிடுவார்கள், ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத சிடிதான் வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில்தான் இவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. தெருவில் நடந்த கைகலப்பு, கடையில் நடந்த திருட்டு, லிஃப்டில் நடந்த அசிங்கம் என்று ஊரின் வண்டவாளம் எல்லாம் ஒருநாள் இந்த மாடியேறி வந்து, ஆறாகவோ பன்னிரண்டாகவோ பெருகி இறங்கிப் போகும்.

பெருக்குவது ஏழு வாயனின் வேலை. இடுப்புயரக் கறுப்புப் பெட்டி. மேலிருந்து கீழாக ஏழு டிரைவ்கள். மேல் டிரைவில் அசலைப் போட்டு, கீழே ஆறிலும் வெற்று சிடிகளைப் போட்டால், அசலை முழுக்கப் படித்துத் தனக்குள் வைத்துக்கொண்டு ஆறிலும் ஒரே நேரத்தில் எழுதும். முடிந்ததும் ஏழு தட்டுகளும் ஒன்றாக வெளியே நீளும். மகள் சின்னவளாக இருந்தபோது அதைப் பார்த்து வைத்த பெயர் அது. இப்போது வக்கீல்கள்கூட "ஏழு வாயன் எப்படி இருக்கான்?" என்று விசாரித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

எழுதி முடித்ததும் கணினி பச்சை எழுத்தில் எல்லாம் சரி என்று சொல்லும். மற்ற கடைகளில் அதோடு உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இங்கே அது நடக்காது. பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா சிடியைப் பச்சை எழுத்தை நம்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசி நடனத்தில் தலைமையாசிரியரின் பேத்தி ஒற்றைக் காலைத் தூக்கியபடியே உறைந்து நிற்க, அவர் ஆள்படையோடு கடைக்கு வந்து நின்றார். அன்று கடைக்காரன்தான் மனைவிக்கு விளக்கினான். சிடியில் எழுத்து நடுவிலிருந்து கிளம்பி ஓரத்துக்குப் போகும், கெடுவதென்றால் ஓரத்தில்தான் கெடும், அதனால் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும் என்றான். அன்றிலிருந்து அவள் கையால் கடைசிப் பகுதியைப் பார்க்காமல் ஒரு நகல்கூட அந்த மாடியை விட்டு இறங்கியதில்லை. எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் சரி, பார்ப்பாள். தான் சொல்லிக்கொடுத்த பாடம் இப்படித் தன் கழுத்துக்கே வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

ஜூனியர் இறங்கிப் போனாள். கறுப்பு அங்கி படிக்கட்டுச் சுவரில் உரசுகிற சத்தம் அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"இத நான் பாத்துக்கறேன்," என்றான். "நீ வேணும்னா வீட்டுக்குப் போ. பாப்பா வந்துடுவா."

"அவளுக்கு இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ். காலையில உங்க கிட்டதான சொன்னா?"

"அப்ப கொஞ்சம் படு. தலைவலின்னியே."

"அது நேத்து." அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "என்ன திடீர்னு பாசம் பொங்குது?"

அவன் சிரித்து வைத்தான். ஜன்னலைத் திறந்தான். தூசி வருகிறது என்று சாத்தினான். ஏழு வாயனின் மேல் டிரைவைத் திறந்து, லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் தேடி, அது கையிலேயே இருப்பதைக் கண்டு, டிரைவை மூடினான். அசல் சிடி மேசைமேல் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் கண் அதில் போய் நின்றது.

"குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்கு இப்படிச் சுத்தறீங்க? ஒரு எடத்துல உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடியது.

விபத்து நடந்த அன்று அவன் ஒரு வக்கீல் வீட்டில் சிடிகளைக் கொடுத்துவிட்டு, டியூஷனில் காத்திருக்கும் மகளை அழைக்கப் போய்க்கொண்டிருந்தான். மருந்துக்கடைத் தெரு அவன் வழியே இல்லை. சிக்னலுக்குப் பயந்து குறுக்கே புகுந்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. யாரோ குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு நீலக் கேன் ஒன்று உருண்டு ஓரக்கல்லில் முட்டி நிற்பதைப் பார்த்தான். மூன்று சக்கர வண்டி தலைகீழாகக் கிடந்தது. வாரம் இரண்டு தடவை தன் கடைப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிவரும் ஆளை எந்தக் கோணத்தில் கிடந்தாலும் தெரியாதா என்ன. தெரிந்தது. இடது காலைத் தரையில் ஊன்றி நின்றான். போனை வெளியே எடுத்தான்.

அந்த நேரத்தில் வேறு எவனாக இருந்தாலும் போன் செய்திருப்பான். இவன் கண் முன்னால் வந்தது எதிர்க் கட்டிடத்தின் வராந்தா. அந்த வராந்தாவில் சாட்சி சொல்ல வந்து காத்திருப்பவர்களைக் கடை ஜன்னலிலிருந்து அவன் பார்க்காத நாள் இல்லை. அடிபட்டவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த பாவத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து, பெயர் கூப்பிடாமலே திரும்பிப் போய், மறுபடியும் வந்து, எதிர் வக்கீல் "நீதான் இடிச்சியா?" என்று கேட்கும்போது திருதிருவென்று விழித்தவர்கள். நல்லது செய்யப் போய் மாட்டிக்கொண்டவர்கள் என்று அவனும் மனைவியும் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். போன் செய்தால் நம்பர் பதிவாகும். பதிவானால் கூப்பிடுவார்கள். மருந்துக்கடைக்காரர் பார்த்திருப்பார், அவர் செய்வார். மகள் வாசலில் தனியாக நிற்பாள். இத்தனையும் ஒரு மூச்சுக்குள் ஓடி முடிந்தது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சற்றுத் தள்ளி வேன் நின்றிருந்தது. முன்பக்கம் இடது விளக்கு உடைந்திருந்தது. குனிந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர், இவன் ஸ்கூட்டர் வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவிளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைவதற்கு முன் நம்பர் பிளேட்டும் கண்ணில் பட்டது. மறந்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து தினமும் நினைத்து நினைத்து, அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது.

இப்போது மனைவி மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தாள். சிடியில் எழுதும் மார்க்கர் காய்ந்துவிட்டிருந்தது. "கீழ ஜெராக்ஸ்காரன்கிட்ட ஒண்ணு வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள ஏழு வாயனுக்குத் தீனி போடுங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஜெராக்ஸ்காரனிடம் போனால் அவள் லேசில் திரும்ப மாட்டாள். கடைக்காரன் ஆறு வெற்று சிடிகளை ஆறு டிரைவ்களில் வைத்தான். அசலை உறையிலிருந்து எடுத்தான். அதில் எதையும் வெட்ட முடியாது. நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு நகலுக்கும் கணினி ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டுத் தரும். ஒரு நொடியை எடுத்தாலும் அந்த எண் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கெட்டுப்போன சிடிக்கு எண்ணே கிடையாது. படிக்க முடியவில்லை என்று சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். போலீஸ் அலமாரியில் கிடந்த சிடி, கீறல் விழுவது வாடிக்கைதான். ஓரத்தில் ஒரே ஒரு கோடு.

ஸ்கூட்டர் சாவி சட்டைப்பையில் இருந்தது. எடுத்தான். சிடியைத் திருப்பிப் பிடித்தான். பளபளப்பில் அவன் மூக்கும் ஒரு கண்ணும் தெரிந்தன. கெட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். வேன் இடித்தது என்பதே இல்லாமல் போகும். தண்ணீர்க்காரர் தானாகக் கவிழ்ந்து விழுந்தார் என்று எதிர் வக்கீல் சொல்லுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். சாவியின் முனை சிடியின் ஓரத்தைத் தொட்டது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மனைவியின் சத்தம் இல்லை. ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படிக்கு வருகிற சத்தம். அவசரமாக சிடியை மேல் டிரைவில் வைத்து மூடி, பொத்தானை அழுத்தினான். ஏழு வாயன் உறுமத் தொடங்கியது. சாவி விரல்களுக்கிடையே இருந்தது.

வந்தது தண்ணீர்க்காரரின் மனைவி. அவர் படுத்த பிறகு அந்த அம்மாதான் கேன்களைச் சுமந்துகொண்டிருந்தார். தோளில் துணிச்சும்மாடு, அதன்மேல் கேன், ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. கடைக்காரன் ஓடிப்போய் கேனைப் பிடுங்காத குறையாக வாங்கினான்.

"நீங்க எதுக்கு சார்? விடுங்க, நான் வெக்கறேன்."

"பரவால்ல, பரவால்ல. நீங்க கீழயே வெச்சிருக்கலாம். ஒரு குரல் குடுத்திருந்தா நான் வந்திருப்பேன்."

அவன் கேனைத் தலைகீழாகத் தாங்கியில் கவிழ்த்தான். குமிழிகள் மேலேறின. பின்னாலேயே மனைவியும் மார்க்கரோடு வந்துவிட்டாள். வந்ததும் தன் நாற்காலியை இழுத்து அந்த அம்மாவுக்குப் போட்டாள்.

"அவருக்கு எப்படி இருக்கு?"

"கால் ஒட்டலம்மா. சீக்கிரம் கொண்டாந்திருந்தா ஒட்டியிருக்குமாம், டாக்டர் சொல்றாரு. என்ன செய்யறது." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஏழு வாயனைப் பார்த்தார். "அந்த வக்கீல் பொண்ணு சொல்லிச்சு. அவரு விழுந்தது இந்தப் பெட்டிக்குள்ளதான் ஓடுதா?"

"ஆமாங்க. நீங்க பாக்க வேணாம்."

"எனக்கு எதுக்கு? அவரு தெனமும் சொல்லிச் சொல்லியே நான் பாத்துட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சை விட்டுப் பிடித்தார். "நாக்கு வறண்டு தண்ணி தண்ணின்னு கேட்டாராம். இவரு கேனு எல்லாம் சுத்தி உருண்டு கெடக்குது. அப்ப ஒருத்தரு வண்டில வந்து நின்னாராம். இவரால தலையத் தூக்க முடியல. கால் மட்டும்தான் தெரிஞ்சுதாம், செருப்புக் கால ஒண்ண தரையில ஊனினது. அப்பாடா, ஆள் வந்தாச்சுன்னு கண்ண மூடிக்கிட்டாராம்."

கடைக்காரன் தன் இடது காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அதே செருப்புதான்.

"நாசமாப் போறவன்," என்றாள் மனைவி. "அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா."

"திட்டாதம்மா. அவருக்கு என்ன அவசரமோ, யாரு கண்டா. வந்து பாத்தத ஒரு வார்த்த சொன்னா போதும்." அந்த அம்மா எழுந்து காலிக் கேனை எடுத்துக்கொண்டார். "இன்னும் மூணு எடத்துக்குப் போடணும். வரேன் சார்."

வரேன் சார் என்று தன்னிடம்தான் சொன்னார் என்பது கடைக்காரனுக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. தலையாட்டினான். அந்த அம்மா வசைபாடியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வசவுக்கு எதிராக மனதுக்குள் ஏதாவது பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஏழு வாயன் அசலைப் படித்து முடித்து ஆறு டிரைவ்களிலும் எழுதத் தொடங்கியிருந்தது. ஆறு சிறு விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. திரையில் ஆறு பட்டைகள் இடமிருந்து வலமாக நிறைந்துகொண்டு வந்தன, ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு. பாதியில் நிறுத்தினால் ஆறும் பாழ். ஆனால் புதுக் கட்டுக்குள் இன்னும் எத்தனையோ சிடிகள் இருக்கின்றன. நிறுத்திப் பயனில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பட்டை பாதியைத் தாண்டட்டும், சொல்லலாம். தாண்டியது. மனைவி உறைகளை எடுத்து வரிசையாக அடுக்கினாள். முக்கால் ஆகட்டும். எழுந்து போய்த் தண்ணீர் பிடித்தான். வாய்க்குக் கொண்டுபோனவன் குடிக்காமல் டம்ளரை வைத்துவிட்டான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான்.

"சொல்லுங்க."

"இதெல்லாம் பாத்தா உனக்கு மனசு கஷ்டமா இருக்கும். தெரிஞ்ச மனுஷன். பச்சையில சரின்னு வந்தா அப்படியே குடுத்துடலாம்."

அவள் வேலையை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரிஞ்ச மனுஷன்கறதாலதான் நல்லாப் பாக்கணும். கோர்ட்ல போட்டு ஓடாம போச்சுன்னா? அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வேறெதையோ சொல்லித் தொலைத்ததில், இனிமேல் சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வந்துவிட்டது. அவன் வாய் மூடிக்கொண்டது. அதே நேரம் ஏழு வாயன் எல்லா வாயையும் திறந்தது.

அவள் அசலை எடுத்து உறையில் போட்டாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு, முதல் நகலின் தட்டை உள்ளே தள்ளி, படத்தைக் கடைசிப் பகுதிக்கு நகர்த்தினாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்றான். வேறெங்கும் நிற்க முடியவில்லை.

படத்தில் சத்தம் இல்லை. நிறம் என்றும் சொல்ல முடியாது, அந்தி நேரத்துச் சாம்பல். தெரு. ஒரு நாய் குறுக்கே போனது. தண்ணீர்க்காரர் வண்டியை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே வேன். மனைவி "அய்யோ" என்றாள், தெரிந்தே எதிர்பார்த்திருந்தும். வேன் திரையை விட்டு வெளியே போனது. கேன்கள் உருண்டு நின்றன. தரையில் கிடந்தவரின் கை ஒருமுறை எழுந்து விழுந்தது. ஓரத்திலிருந்து ஸ்கூட்டர் வந்தது.

முகம் தெரியவில்லை. நம்பர் தெரியவில்லை. ஜூனியர் சொன்னது சரிதான், உலகத்தில் யாருக்கும் அது யாரென்று தெரிய வாய்ப்பில்லை. ஆனால் ஸ்கூட்டரின் சீட் உறை தெரிந்தது. பெரிய பெரிய பூப்போட்ட உறை. வீட்டு ஜன்னல் திரை தைத்ததில் மிஞ்சிய துணியில் அவளே தைத்து, நான்கு மூலையிலும் நாடா வைத்துக் கட்டியது. கல்யாண மண்டபத்துச் சோபா மாதிரி இருக்கிறது என்று அவன் கிண்டல் செய்தபோது, "தூரத்துல இருந்தே நம்ம வண்டின்னு தெரியணும்ல," என்று சொன்னவள் அவள்.

படத்தில் அவன் இடது காலைத் தரையில் ஊன்றினான். போனை எடுத்தான். போனைப் பைக்குள் போட்டான். போனான். திரை கறுத்தது.

அவள் அசையவில்லை. மௌஸின் மேல் இருந்த விரல் அப்படியே இருந்தது. திரும்பிப் பார்ப்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் பின்கழுத்தைப் பார்த்தபடி, கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதில்களைத் தயார் செய்தான். மகள் தனியாக நின்றாள். போன் செய்யத்தான் எடுத்தேன். உனக்குத் தெரியாதா, அந்த வராந்தாவில் என்ன பாடு படுத்துவார்கள் என்று?

அவள் முதல் நகலை எடுத்து வைத்துவிட்டு இரண்டாவதை உள்ளே தள்ளினாள்.

நாய் குறுக்கே போனது. தண்ணீர்க்காரர் வந்தார். வேன் வந்தது. கேன்கள் உருண்டன. பூப்போட்ட சீட்டில் ஒருவன் வந்து இடது காலை ஊன்றினான், போனை எடுத்தான், போட்டான், போனான். திரை கறுத்தது. அவள் மூன்றாவதைத் தள்ளினாள்.

வழக்கமாக வேகமாக ஓட்டி, சிக்கல் இல்லையென்றால் எடுத்துவிடுவாள். இன்று ஒவ்வொன்றையும் அதன் வேகத்திலேயே ஓடவிட்டாள். நான்காவது ஓடும்போதுதான் அவள் என்ன செய்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அவள் சிடியைச் சரிபார்க்கவில்லை. ஏதாவது ஒரு நகலில் அவன் வண்டியை விட்டு இறங்குகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் அதைத்தான் பார்க்க ஆரம்பித்தான். முட்டாள்தனம் என்று தெரியும். அசலில் இல்லாதது நகலில் எப்படி வரும்? இந்தத் தொழிலே அந்த உத்தரவாதத்தில்தான் நடக்கிறது. ஆனாலும் ஐந்தாவதில் கால் தரையைத் தொட்டபோது அவன் தொண்டைக்குள் இறங்கு, இறங்குடா என்று ஒரு குரல் வந்தது. ஸ்டாண்டைப் போடு. ரெண்டு எட்டு வை. போன் எடுத்தான். போட்டான். போனான்.

ஆறாவதும் முடிந்தது. ஆறும் பழுதில்லாமல், ஒரு புள்ளி பிசகாமல் ஓடின.

அவள் எழுந்து, அவன் பக்கம் பார்க்காமல், படியிறங்கிப் போனாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தான். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். அவள் கட்டிட வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் பக்கத்தில் குனிந்திருந்தாள். நாடா முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நாலாவது முடிச்சு இறுகியிருந்தது போலும், பல்லால் கடித்து இழுத்தாள். உறையை உருவி, ஒருமுறை உதறி, நான்காக மடித்து எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். எதிரே நீதிமன்ற வராந்தாவிலிருந்து கூட்டம் கலைந்து வெளியே வரத் தொடங்கியிருந்தது.

மடித்த உறையை அவன் முன்னால், ஆறு சிடிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து மார்க்கரைத் திறந்து, சிடிகளில் வழக்கு எண்ணை எழுத ஆரம்பித்தாள். கையெழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது. மறைத்துவிடு என்று கொண்டுவந்து கொடுத்தாளா, சொல்லிவிடு என்று கொண்டுவந்து கொடுத்தாளா? அவன் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தான். இத்தனை வருடம் பழகிய முகத்தில் இன்று அவனுக்கென்று ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

கீழே ஜெராக்ஸ்காரனோடு பேசும் குரல் கேட்டது. பிறகு கறுப்பு அங்கி சுவரில் உரசும் சத்தம்.

"அந்தப் பொண்ணு வருது," என்றாள் மனைவி, எழுதுவதை நிறுத்தாமல்.

மேசைக்கு அடியில் குப்பைக்கூடை இருந்தது. மேசைமேல் சிடிகளைப் போட்டுக் கொடுக்கும் பை வாய் திறந்து இருந்தது. இரண்டும் கைக்கெட்டும் தூரம்தான். கடைக்காரன் உறையின்மேல் உள்ளங்கையை வைத்தான். பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டியின் சூடு அதில் இன்னும் இருந்தது.